மூக்கு அடைத்துக்கொண்டால்: வீட்டில் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

"அண்ணே, மூக்கு அடைச்சுக்கிருச்சு, படுக்க முடியல, ஏதாவது குடுங்க." மதுரை கே.கே. நகரில் எந்தத் தெருமுனை மெடிக்கலிலும் ராத்திரி கடை சாத்தும் நேரத்தில் இந்தக் குரலைக் கேட்கலாம். அரை நிமிடத்தில் ஒரு சொட்டு மருந்தும் நாலு மாத்திரையும் கைக்கு வந்துவிடும். என்ன மருந்து, எத்தனை நாள் போடலாம், யார் போடக் கூடாது என்று வாங்குபவரும் கேட்பதில்லை, கொடுப்பவரும் சொல்வதில்லை. நானும் அப்படி வாங்கி ஐந்து மாதம் அவதிப்பட்டவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். மூக்கடைப்பு என்பது பெரும்பாலும் சளி வழியை மறித்துக்கொண்டு நிற்பதல்ல, வீக்கம். மூக்கின் உட்புறத்தில் இரு பக்கமும் சதை மடிப்புகள் இருக்கின்றன. சளி பிடித்தாலோ தூசி ஒத்துக்கொள்ளாவிட்டாலோ அவற்றிலுள்ள ரத்தக் குழாய்களில் ரத்தம் நிறைந்து சதை உப்பிக்கொள்கிறது, காற்றுப் பாதை குறுகிவிடுகிறது. மூச்சைக் கட்டிச் சிந்தச் சிந்த வீக்கம் கூடுமே ஒழிய மூக்கு திறக்காது. பலம் காட்டுவதை முதலில் நிறுத்துங்கள்.

## முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒரு தாளில் எழுதிவிடுங்கள். டாக்டரிடம் போக நேர்ந்தால் அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

1. எத்தனை நாளாக? சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாளில் அடங்கும். பத்து நாளைத் தாண்டியும் குறையாவிட்டால், அல்லது குறைந்து தெம்பு வந்த பிறகு மறுபடி காய்ச்சலும் முகவலியுமாகத் திரும்பினால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

2. ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? வலது கொஞ்ச நேரம், இடது கொஞ்ச நேரம் என்று மாறி மாறி அடைப்பது உடம்பின் இயல்பு. சில மணி நேரத்துக்கு ஒரு முறை சதை மடிப்புகள் முறை வைத்து உப்பி இறங்குகின்றன, சளி பிடிக்கும்போதுதான் அது நமக்குத் தெரிகிறது. எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தால் மூக்குத் தண்டு வளைவு, சதை வளர்ச்சி என்று வேறு காரணம் இருக்கலாம்.

3. தும்மலும் அரிப்பும் உண்டா? காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், கண்ணரிப்பு, மேலண்ணத்தில் அரிப்பு, தண்ணீராக ஒழுகல், காய்ச்சல் இல்லை என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை.

4. எங்கே, எப்போது? வீட்டில் அதிகமா, வெளியூர் போனால் குறைகிறதா? போர்வை உதறும்போதா, ஒட்டடை அடிக்கும்போதா?

5. ஏற்கெனவே எந்தச் சொட்டு மருந்தை எத்தனை நாளாகப் போடுகிறீர்கள்? இதை மறைக்காமல் எழுதுங்கள்.

நம் பக்கத்தில் மூக்கு அடைத்தாலே "எனக்கு சைனஸ்" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. சைனஸ் என்பது நோயின் பெயரல்ல. கன்னத்துக்கும் நெற்றிக்கும் உள்ளே எலும்பில் இருக்கும் காற்றறைகளின் பெயர் அது, எல்லோருக்கும் உண்டு. "தலையில நீர் கோத்திருக்கு" என்று பெரியவர்கள் சொல்லும் பாரம் அந்த அறைகளின் வாசல் வீங்கி அடைபடுவதால் வரலாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதும் தவறு. வைரஸ் சளியிலும் நாலாம் ஐந்தாம் நாளில் நிறம் மாறத்தான் செய்யும்.

## உப்புநீரில் மூக்கு கழுவுதல்

யோகாசன வகுப்புகளில் ஜலநேதி என்று சொல்லிக்கொடுக்கும் அதே முறைதான். சளிக்கும் ஒவ்வாமைக்கும் சேர்த்து வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். செலவு கிடையாது, பழக்கமாகிவிடும் என்ற பயமும் கிடையாது. ஆனால் தண்ணீரில் தவறினால் உயிருக்கே ஆபத்து. அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

தேவையானவை: அரை லிட்டர் தண்ணீர், தூள் உப்பு, ஆப்ப சோடா, 5 மில்லி அளவுக் கரண்டி, மெடிக்கலில் கிடைக்கும் மூக்கு கழுவும் பிளாஸ்டிக் பாட்டில் அல்லது நேதிக் குவளை.

1. கையையும் பாட்டிலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

2. தண்ணீரை அடுப்பில் வைத்து, தளதளவென்று கொதி வந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் கொதிக்க விடுங்கள். மதுரைச் சமவெளிக்கு இது போதும். கொடைக்கானல் போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடம் வேண்டும்.

3. மூடி வைத்து ஆற விடுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது.

4. தலை தட்டிய முக்கால் கரண்டி உப்பும் கால் கரண்டி ஆப்ப சோடாவும் போட்டு முழுதும் கரையும்வரை கலக்குங்கள். கல் உப்பு வேண்டாம், அளவும் தப்பும், மண்ணும் இருக்கும்.

5. வாஷ்பேசின் மேல் குனிந்து தலையை ஒரு பக்கம் சாயுங்கள். வாயைத் திறந்து, வாய் வழியாகவே மூச்சு விடுங்கள். மெல்ல "ஆ" என்று சொல்லிக்கொண்டிருந்தால் தண்ணீர் தொண்டைக்கு இறங்காது.

6. மேலே இருக்கும் நாசித் துவாரத்தில் பாட்டிலின் முனையை வைத்து மெதுவாக அழுத்துங்கள். நூறு மில்லி அளவு உள்ளே போனால் மறுபக்கத்து வழியே வெளியே வரும். முற்றிலும் அடைத்திருந்தால் வராது. அப்போது அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், விட்டுவிட்டு அரை மணி கழித்துப் பாருங்கள்.

7. தலையை மறுபக்கம் சாய்த்து அடுத்த துவாரத்துக்குச் செய்யுங்கள்.

8. குனிந்தபடியே மீதித் தண்ணீரை வடிய விடுங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் விரலால் மூடி, மறுபக்கம் மெதுவாகச் சிந்துங்கள். இரண்டையும் மூடிக்கொண்டு பலமாகச் சிந்தினால் காது அடைக்கும், சில சமயம் காதுக்குள் தொற்றும் போகும்.

9. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துக் காய வையுங்கள். மிச்சமான உப்புநீரை மூடி வைத்து அன்றைக்குள் பயன்படுத்துங்கள், மறுநாள் ஊற்றிவிடுங்கள்.

எரிந்தால் உப்பு குறைந்திருக்கும் அல்லது கூடியிருக்கும். தண்ணீர் ஆறிப்போய்ச் சில்லென்று இருந்தாலும் எரியும். அளவு சரியாக இருந்தும் எரிந்தால் மெடிக்கலில் விற்கும் ஆயத்தப் பொட்டலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டும் அதற்கும் வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு கண்டிப்பு. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவானாலும் கொதிக்க வைக்காமல் மூக்கில் விடாதீர்கள். "குடிக்கிற தண்ணிதானே" என்று தோன்றும். நேக்ளேரியா ஃபௌலேரி என்ற அமீபாவைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. மூக்கு வழியாக ஏறினால் அது மூளைக்குப் போகிறது, அப்புறம் பிழைப்பவர்கள் மிகச் சிலரே. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரை நேதிக் குவளையில் ஊற்றிக் கழுவிய இருவர் இறந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கேஸ் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

காதுவலி இருக்கும்போதும், சமீபத்தில் மூக்கிலோ காதிலோ அறுவை சிகிச்சை செய்திருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் கழுவ வேண்டாம். சொன்னபடி நின்று ஒத்துழைக்கும் வயது வராத குழந்தைக்கும் பாட்டில் வேண்டாம், உப்புநீர்ச் சொட்டு போதும்.

## ஆவி பிடிப்பது

நொச்சித் தழை போட்டு, போர்வையால் மூடி, வேர்க்க விறுவிறுக்க ஆவி பிடித்து எழுந்தால் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அந்தச் சுகம் உண்மை. ஆனால் அது சளியை முறித்து நாளைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கொதிநீர்க் குண்டான் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோவது மட்டும் உறுதியாக நடக்கிறது, அதிலும் பிள்ளைகளுக்கு. என் கருத்தில் குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கவே கூடாது. மடியில் உட்கார்த்திப் பிடிப்பது அதைவிட மோசம்.

பெரியவர்கள் பிடிப்பதானால்:

1. அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள்.
2. அகலமான, அடி கனத்த பாத்திரத்தை அசையாத மேசையில் வையுங்கள். மடியிலோ கட்டிலிலோ வைக்க வேண்டாம்.
3. முகத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.
4. ஐந்து நிமிடம் போதும். தலைசுற்றினால் உடனே நிறுத்துங்கள்.
5. முடிந்ததும் தண்ணீரை முதலில் கொட்டிவிட்டு அப்புறம் முகம் துடையுங்கள். பாத்திரத்தை மறந்து எழுந்து போகும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பிள்ளைகள் இழுத்துக் கொட்டிக்கொள்கிறார்கள்.

தைலத்தை மூக்கின் உள்ளே தடவாதீர்கள், வெந்நீரில் அள்ளிப் போடவும் வேண்டாம். கற்பூரமும் மென்தாலும் மூக்கில் குளிர்ச்சியான உணர்வைத் தருகின்றன, வீக்கத்தை இறக்குவதில்லை. மிளகு ரசம், சுக்கு மல்லிக் காபி தாராளமாகக் குடிக்கலாம். சூடாக எது குடித்தாலும் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும்.

## சொட்டு மருந்து: மூன்று நாள், அதற்கு மேல் இல்லை

இனி என் கதை. ஒரு கார்த்திகை மாதச் சளியில் வாங்கிய சொட்டு மருந்து இரண்டே நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிட்டது. அந்த நிம்மதியில் தினமும் படுக்கும்போது போட்டேன். சளி போய்விட்டது, அடைப்பு போகவில்லை. ராத்திரிக்கு ஒரு தடவை என்பது நாளைக்கு நாலு தடவை ஆயிற்று. சட்டைப் பையில் பாட்டில் இல்லாமல் மாட்டுத்தாவணியில் பஸ் ஏற மாட்டேன் என்ற நிலைக்கு வந்தேன். எனக்கு இருந்த நோய் என்னவென்று கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் சொன்னார்: அந்த மருந்துதான் நோய்.

சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் என்ற மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. வேகம் தணிந்ததும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிகின்றன. மறுபடி போட வேண்டியிருக்கிறது. இந்தச் சுழலில் சிக்காமலிருக்க:

1. பாட்டிலில் மருந்தின் பெயரைப் படியுங்கள். வணிகப் பெயரை நம்பாதீர்கள். ஏறக்குறைய ஒரே பெயரில், ஓர் எழுத்து மட்டும் மாறி, ஒன்று வெறும் உப்புநீராகவும் மற்றொன்று இந்த மருந்தாகவும் வரும். "சோடியம் குளோரைடு" என்று மட்டும் இருந்தால் அது உப்புநீர்.
2. திறந்த தேதியைப் பாட்டில் மேல் எழுதுங்கள். மூன்று நாள் ஆனதும் நிறுத்துங்கள்.
3. ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.
4. ஏற்கெனவே பழகிவிட்டவர்கள் முதலில் ஒரு பக்கத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் தானாகத் திறக்கத் தொடங்கிய பின் மறுபக்கத்தை நிறுத்துங்கள். ஒன்றிரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், உப்புநீர் துணை செய்யும். இந்த இடைக்காலத்துக்கு டாக்டர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தருவதும் உண்டு.

சளி மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. பல கூட்டு மாத்திரைகளில் இருக்கும் ஃபினைலெஃப்ரின் வாய்வழி சாப்பிட்டால் மூக்கடைப்புக்குப் பயனில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023-இல் ஒருமனதாகச் சொன்னது. தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரிங் ரோட்டில் வண்டி ஓட்டாதீர்கள்.

## கைக்குழந்தைக்கு அடைத்தால்

பச்சைக் குழந்தை பெரும்பாலும் மூக்காலேயே மூச்சு விடும். அதனால் லேசான அடைப்பு வந்தாலும் பால் குடிக்க முடியாமல் விட்டு விட்டு அழும்.

1. சோடியம் குளோரைடு 0.65 சதவீத சொட்டு மருந்தை வாங்குங்கள். வீட்டில் கலக்க வேண்டாம்.
2. பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு, குழந்தையை மல்லாத்தி, ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள்.
3. ஒரு நிமிடம் பொறுங்கள். தும்மினால் சளி தானே வரும். வராவிட்டால் ரப்பர் உறிஞ்சியை முதலில் அழுத்தி, பிறகு துவாரத்தின் வாயில் வைத்து மெல்ல விடுங்கள். உள்ளே நுழைக்காதீர்கள். நாளுக்கு மூன்று நாலு தடவைக்கு மேல் உறிஞ்சினால் சதை புண்ணாகும்.
4. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால் கொடுங்கள்.

குளிப்பாட்ட வரும் பாட்டிமார்களிடம் இதை மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: மூக்கில் எண்ணெய் விட வேண்டாம், வாயால் ஊத வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். குளித்த பின் காட்டும் சாம்பிராணிப் புகை மூக்கடைப்பைக் கூட்டும். கற்பூரம் கலந்த எண்ணெயையும் தைலத்தையும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவாதீர்கள், கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும்.

குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த இருமல் மருந்தால் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். போன தடவை வாங்கி மிச்சமிருக்கும் பாட்டிலையும் பக்கத்து வீட்டுப் பாட்டிலையும் பிள்ளைக்கு ஊற்றாதீர்கள்.

## வருஷம் முழுக்க அடைக்கிறதா? படுக்கையறையில் தொடங்குங்கள்

கே.கே. நகரைச் சுற்றி மூக்கைச் சீண்டும் சமாச்சாரம் நிறைய இருக்கிறது. மேலூர் ரோட்டுப் போக்குவரத்தின் புகை, கட்டட வேலைத் தூசி, கண்மாய்க் கரைகளிலும் காலி மனைகளிலும் நிற்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தம், ஒத்தக்கடைப் பக்கம் அறுவடைத் தூசி. இவற்றை நீங்கள் ஒருவராக மாற்ற முடியாது. எட்டு மணி நேரம் மூச்சு விடும் அறையை மாற்ற முடியும். அங்கே எதிரி, கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. மெத்தையிலும் தலையணையிலும் நம் தோல் செதில்களைத் தின்று வாழ்கிறது, அதன் எச்சம்தான் ஒவ்வாமை.

1. தலையணை உறை, விரிப்பு, போர்வையை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள். மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெயில் மட்டும் போதாது, வெந்நீர்தான் பூச்சியைக் கொல்லும்.
2. பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றுங்கள். மெத்தைக்கு ஜிப் வைத்த உறை போடுங்கள்.
3. காய்ந்த விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். தூசி எழும்பி ஒரு மணி நேரம் மிதக்கும். ஈரத் துணியால் துடையுங்கள், அடைப்பு உள்ளவர் அந்த நேரம் அறையில் இருக்க வேண்டாம்.
4. கட்டிலுக்கு அடியிலிருக்கும் பழைய துணி மூட்டை, செய்தித்தாள் கட்டு, ஃபேன் இறக்கைத் தூசி மூன்றையும் அப்புறப்படுத்துங்கள்.
5. ஏர் கூலர் வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு முறை தண்ணீரை வடித்துத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள், சீசன் தொடக்கத்தில் புல் பேடை மாற்றுங்கள். பாசி வாடை வந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது என்று பொருள். ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அலசுங்கள்.
6. கொசுவர்த்தியைக் கைவிட்டுக் கொசுவலை கட்டுங்கள். வண்டியூர் கண்மாய்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கொசு எவ்வளவு பெரிய தொல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மூடிய அறையில் ராத்திரி முழுக்கப் புகை மூக்குக்கு ஆகாது.

ஒரு மாதம் இப்படிச் செய்து பார்த்தும் குறையாவிட்டால் டாக்டர் ஃப்ளூட்டிகசோன், மோமெட்டசோன் போன்ற ஸ்பிரே எழுதலாம். இது முன்னே சொன்ன சொட்டு மருந்து அல்ல, பழக்கமாகாது, உடனே திறக்கவும் செய்யாது. தினமும் விடாமல் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் பலன் தெரியும். இரண்டு நாள் அடித்துவிட்டு "வேலை செய்யல" என்று தூக்கிப் போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. வலது மூக்குக்கு இடது கையால் பிடித்து, முனையை நடுத் தண்டைப் பார்த்து வைக்காமல் அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்து வைத்து அடியுங்கள். நடுவில் பட்டால் ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சாதீர்கள், மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

## உடனே மருத்துவமனைக்கு

கீழே உள்ள எதற்கும் வீட்டு வைத்தியம் கிடையாது.

- குழந்தைக்கு மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாரித்தால், பால் குடிக்க மறுத்தால்.
- கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால்.
- கடுந்தலைவலியோடு கழுத்து விறைத்தால், பிதற்றினால்.
- சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஒரு பக்க முகவலி, மரத்துப்போதல், மூக்கில் கருத்த பொருக்கு. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை இப்படித்தான் தொடங்கியது.
- தலையில் அடிபட்ட பின் ஒரு மூக்கில் தெளிந்த தண்ணீராக ஒழுகினால்.
- சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் அடைத்து நாற்றத்தோடு சளி வந்தால். உள்ளே புளியங்கொட்டையோ சாக்பீஸோ இருக்கலாம். ஊக்கை விட்டுத் தோண்டாதீர்கள். பொம்மை அல்லது ரிமோட்டின் பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் உப்புநீரும் விட வேண்டாம். சில மணி நேரத்தில் தண்டை ஓட்டை போட்டுவிடும்.

மூச்சுத் திணறல் என்றால் 108-ஐ அழையுங்கள். போகலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் 104-இல் கேட்கலாம். அரசு ராஜாஜி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. அவசரம் இல்லாத நாள்பட்ட அடைப்புக்குக் காலையிலேயே போய்விடுங்கள். போகும்போது ஐந்து கேள்விகளுக்கான அந்தத் தாளையும், இதுவரை போட்ட மாத்திரை அட்டை, சொட்டு மருந்து பாட்டில் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். காலியான பாட்டிலாக இருந்தாலும் பரவாயில்லை.